கசிந்தால் கிட்டே போ

பிப்ரவரி 6

தம்பிக்கு,

போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்கிற சண்டைதான் மிஞ்சும். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. காகிதம் குறுக்கே பேசாது என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

என் குளிர்பதனப் பிரிவில் சேர்ந்தது பத்துப் பேர். அதில் நாலு பேர் இப்போது உன் கிடங்கில் இருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுவோமே அந்த நெட்டையன் போனான், ரெட்டைச்சடை போனாள், அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள். நீ இழுத்தாய் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். சரி, அவர்களாகவே வந்தார்கள். நீ கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய், அவ்வளவுதான்.

உனக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்டாயே, சொல்கிறேன். எங்கள் சமுதாயக் கல்லூரிக்குப் பணம் தருகிற வாரியம் வருஷா வருஷம் ஒரே கேள்விதான் கேட்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினார்கள்? பாதிக்குக் குறைந்தால் பிரிவை மூடிவிடுவார்கள். நடுவில் வேலை கிடைத்துப் போனவனும் அவர்களுக்கு ஓடிப்போனவன்தான். சமையல் பிரிவு போன வருஷம் இப்படித்தான் போயிற்று. அந்த டீச்சர் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரி முதல்வர் நல்ல மனிதர்தான், ஆனால் இந்த மாதம் என்னைப் பார்த்தாலே வேறு மாடிப்படியில் ஏறிப் போகிறார். எனக்குப் புரியாமல் இல்லை.

மிச்சம் ஆறு பேர். அதில் ஒருவன் தேறமாட்டான், அது அவனுக்கே தெரியும். பெரியக்கா என்று வகுப்பே கூப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்தாள். இப்போது அவள் ஒட்டிய தாமிரக் குழாயில் ஒட்டு எங்கே என்று தேட வேண்டும். அவள் போனால் நான் பாதிக்குக் கீழே போய்விடுவேன்.

அவளை மட்டும் தொடாதே. பரீட்சை ஏப்ரல் கடைசியில். அதுவரை பொறு. உன்னிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா

•

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

முழுக்கப் படித்தேன். உன் சமையலில் போட மறக்கிற காரத்தையெல்லாம் கடிதத்தில் போட்டிருக்கிறாய்.

என் கஷ்டத்தையும் கேள். கோடை வரப்போகிறது. நான் பராமரிக்கிற கிடங்குகள் முழுக்க மீன். ஒரு அறை ஒரு நாள் சூடேறினால் காண்ட்ராக்ட் போகும், காண்ட்ராக்டோடு நானும் போவேன். ஆள் தேவை என்று விளம்பரம் போட்டேன். வந்தவர்கள் கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தைக் கேட்டதும், "ஏசி ரூம்ல வேலை இல்லையா சார்?" என்றார்கள். "இதுவும் ஏசி ரூம்தான் தம்பி, கொஞ்சம் அதிகமாவே ஏசி" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள், திரும்பி வரவில்லை. உன் பிள்ளைகள் மட்டும்தான் ஸ்பானரைக் கேட்டு வாங்கினார்கள்.

உன் பெரியக்காவை நான் கூப்பிடவில்லை. அவளே வந்தாள். பரீட்சை முடிந்து வா, இடம் வைத்திருக்கிறேன் என்று உனக்காகச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "பரீட்சை வரைக்கும் இருந்தா சான்றிதழ் வரும் சார். ஆனா வீட்டு ஓனர் என் சாமானைத் தூக்கித் தெருவுல வைக்கறதுக்குப் பரீட்சை வரைக்கும் காத்திருக்க மாட்டாரு." இதற்கு என்ன சொல்வாய்? திங்கட்கிழமை சேர்கிறாள்.

உன் வாரியத்திடம் போய் நேராகச் சொல். எங்களிடம் படிப்பவர்களுக்குப் படிக்கும்போதே வேலை கிடைத்துவிடுகிறது, அந்தக் குற்றத்துக்காக எங்களைத் தண்டியுங்கள் என்று சொல். வெட்கப்படட்டும்.

தம்பி

•

பிப்ரவரி 20

தம்பிக்கு,

சொல்லாமல் இருப்பேனா? மூன்று தடவை எழுதிப் போட்டேன். வேலைக்குப் போனவர்களை எழுத எங்கள் முறையில் இடம் இல்லை என்று பதில் வந்தது. வெட்கப்படுவதற்கும் அவர்கள் முறையில் இடம் இல்லை போலிருக்கிறது.

பெரியக்காவின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவன் அதில் பையை வைக்கிறான். எடு என்று கத்திவிட்டேன். வகுப்பு பயந்துபோயிற்று.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாகப் படி. பெரிய கிடங்குகளைக் குளிர்விக்கிற அமோனியா வாயுவைப் பற்றிய பாடத்தை வழக்கமாக நவம்பரில் நடத்துவேன். இந்த வருஷம் அதை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டேன். வேண்டுமென்றேதான் தள்ளினேன். கிடங்குக்காரர்கள் அமோனியா தெரிந்த ஆளைத்தான் கொத்திக்கொண்டு போவார்கள். அது தெரியாதவரை பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள் என்று நினைத்தேன். நீ அதைக்கூடக் கேட்காமல் எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை.

உன்னிடம் இருக்கிற ஐந்து பேருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜும் கடை ஏசியும்தான் தெரியும். அவர்களுக்கு நான் கற்றுத் தந்த கேஸுக்கு வாசனை கிடையாது, கண்ணை எரிக்காது. அதனால் கசிவுக்கு ஒரே விதிதான் சொல்லியிருக்கிறேன். கசிந்தால் கிட்டே போ, சோப்பு நுரையை வை, குமிழி வரும் இடத்தைப் பிடி. பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி சொல்வார்கள். உன் எந்திர அறையில் ஓடுவது கண்ணையும் மூச்சையும் எரிக்கிற அமோனியா. அந்த அறைக்குள் அவர்களை விடாதே. மேல் வேலை கொடு, கழுவச் சொல், பெட்டி தூக்கச் சொல். உள்ளே விடாதே.

அக்கா

•

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? நீச்சல் சொல்லித் தருகிறவள், மூச்சு விடுவதை மட்டும் கடைசி நாள் சொல்லித் தருகிறேன் என்று வைத்திருந்தால் எப்படி? நடுவில் எவனாவது ஆற்றில் இறங்கினால் அது ஆற்றின் தப்பா?

நான் கேட்கவில்லை என்கிறாய். உன் வகுப்பில் இருந்து வந்தவனிடம் அமோனியா தெரியுமா என்று நான் எதற்குக் கேட்பேன்? இத்தனை வருஷமாக உன்னிடம் படித்தவன் எவனும் அது தெரியாமல் வந்ததில்லை. என் அக்கா வகுப்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் நான்.

சரி, நடந்தது நடந்தது. எந்திர அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். உள்ளே பழைய ஆபரேட்டர் மட்டும்தான் போவார். ஆனால் அவருக்கும் வயதாகிறது, முதுகுவலி, நினைத்தால் வருகிறார்.

ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. என் கிடங்கிலேயே நின்று இந்த ஐந்து பேருக்கும் அந்தப் பாடத்தை நடத்திவிட்டுப் போ. அரை நாள் வேலை. உன் கோபத்தையும் கொண்டுவா, வழியில் இறக்கிவிடாதே, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

தம்பி

•

மார்ச் 5

தம்பிக்கு,

வரமாட்டேன்.

நான் அங்கே வந்து நடத்தினால் மறுநாளே இங்கே தெரிந்துவிடும். அங்கே சம்பளமும் உண்டு, பாடமும் உண்டு, டீச்சரும் அவர்தான், அப்புறம் இந்தப் பெஞ்சில் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று மிச்சமிருக்கும் ஐந்து பேரும் உன் வாசலில் வந்து நிற்பார்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

என்னைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதே. பயந்துபோயிருக்கிறேன். இந்த வயதில் எனக்குத் துணிக்கடையில் பில் போட வராது. அது மட்டும் இல்லை. இந்தப் பிரிவை மூடினால், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாமல் வரப்போகிற அடுத்த பெரியக்கா எங்கே போவாள்? ராத்திரி பகல் இதுதான் ஓடுகிறது.

ஏப்ரல் வரைக்கும்தானே. பூட்டுத்தான் போட்டிருக்கிறாயே. பொறு.

அக்கா

•

ஏப்ரல் 2

டீச்சர், இது பெரியக்கா. சார் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். 'நான் சொல்றத அப்படியே எழுதணும், உன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது' என்று உத்தரவு.

அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன், பதறாத. ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்காங்க. இதை முதல்லயே எழுதாதம்மா, கடைசில சொல்லிக்கலாம். எழுதிட்டியா? அடப்பாவி. சரி விடு.

வீட்டுல அவ எனக்காக உனக்கு எழுத மாட்டேன்னுட்டா. உன் மேல அவ்வளவு கோபம். நாலு நாள் போனா சரியாயிடுவா. அதான் இந்தப் பொண்ண எழுத வெச்சிருக்கேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நடந்துச்சு. பழைய ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தாரு. பூட்டு போட்டேன்னு சொன்னேன்ல, நிஜமாத்தான் போட்டேன். ஆனா சாவிய பக்கத்துலயே ஆணியில மாட்டி வெச்சிருந்தோம், அவசரத்துக்கு வேணுமேன்னு. என் புத்திய எதால அடிக்கறது சொல்லு. கதவிடுக்குல அமோனியா வாசனை வந்திருக்கு. எல்லாரும் வெளிய ஓடி வர்றாங்க. இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? கை கழுவுற சோப்ப எடுத்து, டம்ளர்ல நுரை அடிச்சு, ஸ்பாஞ்சயும் எடுத்துக்கிட்டு, பூட்டத் திறந்து உள்ள போகுது. கசிவு எங்கேன்னு தேடுதாம்.

நான் மாஸ்க்கத் தேடல அக்கா. தேடியிருக்கணும். எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் போனேன். அவ முதுகு தெரிஞ்சுச்சு, வேற ஒண்ணும் தோணல. இழுத்து வெளிய தள்ளினேன். தள்ளிட்டுத் திரும்பறப்ப கசிஞ்ச வால்வு பக்கம் பொத்துக்கிச்சு, நேரா மூஞ்சில அடிச்சுச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் இருமினா, அவ்வளவுதான்.

இப்ப அழறான்னு நினைக்கறேன். மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்குது.

(நான் அழவில்லை டீச்சர்.)

இன்னொண்ணு. பரீட்சைக்கு அஞ்சு பேரையும் அனுப்பறேன். ஒரு மாசம் முன்னாடியே அனுப்பறேன், சம்பளத்தோட. உன் எண்ணிக்கை நிறைஞ்சுடும். நீ இங்க ஓடி வராத. முதல்ல அந்தப் பாடத்த நடத்து. இப்பவாவது நடத்து.

டீச்சர், இனி எழுதுவது நான். சார் தூங்கிவிட்டார். ஒரு கண்ணுக்கு நம்பிக்கை இல்லை என்று டாக்டர் வெளியே வைத்துச் சொன்னார். சாருக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சந்தேகம் டீச்சர். நுரை கொண்டுபோனதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. எல்லோரும் முட்டாள் என்று திட்டுகிறார்கள், ஆனால் யாரும் காரணம் சொல்லவில்லை.

•

மே 19

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நீ ஜோக் அடித்துக்கொண்டே இருந்தாய், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசவில்லை. உன் மனைவி எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கொண்டுவந்தாள், தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ அனுப்பிய ஐந்து பேரும் பரீட்சை எழுதினார்கள். பத்தில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். போன வாரம் வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மென்மையான மனிதர், டீ கூட வேண்டாம் என்றார். இந்த மாதிரி எண்ணிக்கையை எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை என்று பாராட்டினார். என் பாட வரிசையை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முக்கியமான பாடத்தக் கடைசில வெச்சிருக்கீங்க. அதான் இத்தனை பேர் முடிச்சிருக்காங்க. ரொம்ப நல்ல யோசனை மேடம். எல்லாக் கல்லூரிக்கும் இதையே சொல்லலாம்னு இருக்கேன்."

உன் கண்ணைச் சொன்னேன். பெரியக்கா நுரை எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு, "அது கிடங்குல நடந்தது மேடம். அதத் தொழிலாளர் துறை பாத்துக்கும். இங்க வகுப்புல ஒண்ணும் நடக்கலையே" என்றார்.

மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் தருகிறார்கள். மூன்று வருஷம், தம்பி. ஒவ்வொரு மார்ச் மாதமும் திருவோடு ஏந்த வேண்டாம். சம்பளம் வரும், புதுக் கம்ப்ரஸர் வரும், நாற்காலிகளை அடுக்கிய அந்த அறையைக்கூடக் கேட்டு வாங்கலாம். ஒரே நிபந்தனை. பாட வரிசை இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும். அமோனியா கடைசியில்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாதே என்று மனசு சொல்கிறது. கை மட்டும் பேனாவைத் தேடுகிறது. என்ன செய்யட்டும்? இதை உன்னிடம் கேட்கிறேனே என்று கூசுகிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

அக்கா

•

மே 27

அக்காவுக்கு,

இது என் கையால் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி. ஒற்றைக் கண்ணுக்கு வரி எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரிவதில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது.

கையெழுத்துப் போடு.

பிரிவு இருந்தால் ஏப்ரலிலாவது அமோனியா தெரியும். பிரிவே இல்லாவிட்டால் எந்த மாதத்திலும் தெரியாது. ஒரு கண்ணைக் கொடுத்து வாங்கிய மூன்று வருஷம் இது. அதை எதற்கு விட வேண்டும்? நஷ்ட வியாபாரம் எனக்குப் பிடிக்காது.

நான் சும்மா இருந்துவிட்டுச் சொல்லவில்லை. கிடங்குக்காரர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். உன் வகுப்பில் இருந்து ஆள் எடுக்கிற ஒவ்வொருவரும் வருஷா வருஷம் கல்லூரிக்கு ஒரு பங்கு தருவோம், விதை நெல்லையும் சேர்த்துத் தின்றால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என் கண்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். பங்கு என்றதும், "பாப்போம், பாப்போம்" என்று செருப்பைத் தேடினார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் மட்டும் சரி என்றார். அவரும் நானும் சேர்ந்தால் உனக்கு மாஸ்க்கும் காற்று சிலிண்டரும் வாங்கலாம். வகுப்பை நடத்த முடியாது.

அதனால் போட்டுவிடு. நான் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டேன். வீட்டில் ஆப்பிள் அழுகுகிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.

தம்பி

•

ஜூலை 3

தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. உன் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

அமோனியா முதல் மாதத்தில்தான் நடக்கும், இந்த வரிசையை வேறு எந்தக் கல்லூரிக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று அந்த அதிகாரிக்கு எழுதினேன். மூன்று வருஷப் பணம் கைவிட்டுப் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மட்டும் தந்திருக்கிறார்கள், பழைய விதிப்படி. பாதிக்குக் குறைந்தால் மூடுவார்கள். முதல்வர் மறுபடியும் வேறு மாடிப்படியில் போகிறார்.

நீயும் ஐஸ் ஃபேக்டரிக்காரரும் வாங்கித் தந்த மாஸ்க்குகள் வந்து சேர்ந்தன. முதல் நாள் பாடத்துக்கு உன்னிடம் கேட்டுக்கொண்டு பெரியக்கா வந்திருந்தாள். கூப்பிடாமல்தான் வந்தாள். பின்பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும், கண்ணையும் தொண்டையையும் வியர்வையையும் முதலில் பிடிக்கும் என்று நான் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வகுப்பு கலைந்ததும் என் மேஜைக்கு வந்தாள்.

"அப்ப நான் நுரை கொண்டுபோனது தப்புதானே டீச்சர்?"

"இல்லம்மா. நான் சொல்லித் தந்தத நீ சரியாச் செஞ்ச" என்றேன். அவள் கரும்பலகையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேற்று ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். "கிடங்குல கூப்பிடறாங்க டீச்சர். வீட்டுல கஷ்டம். போகட்டுமா?" என்றான். உனக்கு உச்சுக் கொட்டிய ஆட்களில் ஒருவருடைய கிடங்கு.

"அமோனியா கசிஞ்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கிட்ட போகமாட்டேன். காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமா ஓடுவேன். எல்லாரையும் கத்திக் கூப்பிட்டுக்கிட்டே ஓடுவேன்."

"உள்ள உன் ஆள் ஒருத்தர் மாட்டியிருந்தா?"

"மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் போவேன் டீச்சர். போடாம போகமாட்டேன்."

நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷமும் சேர்ந்தது பத்துப் பேர்தான், அவன் போனால் ஒன்பது. இப்படியே போனால் கோடைக்கு முன்னால் பாதிக்குக் கீழே வந்துவிடுவேன், பிரிவை மூடுவார்கள். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், வாசலில் நின்ற அவனுக்கும் தெரியும், அதனால்தான் அப்படித் தயங்கினான்.

"போ" என்றேன், தம்பி.

அக்கா